அச்சுக்கூடத்துப் பதில்கள்: விட்டுப்போன ஒரு சொல்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, ‘கானா நாட்டில் பத்திரிகை தொடங்க உரிமம் கேட்கும் சட்டமே இருக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. லிந்தாங் சாலையில் இருக்கும் என் அச்சகத்துக்கே வந்து, கல்யாண அட்டைகளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மெதுவாக இதைப் பற்றிக் கேட்டவர்களும் உண்டு. இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே. சனிப் பெயர்ச்சி பற்றிக் கேட்ட மூவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கே: ஐயா, ஒரு நாட்டின் சாசனத்தில் பத்திரிகைக்கு இவ்வளவு இடமா? அதில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது? நீங்கள் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டீர்களோ என்று எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் பேச்சு.
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

ப: குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன் அம்மா. ஒரு வரி இல்லை, ஓர் அத்தியாயமே இருக்கிறது. 1992 ஏப்ரலில் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்று, 1993 ஜனவரி 7-ஆம் தேதி நடப்புக்கு வந்த சாசனம் அது. பன்னிரண்டாம் அத்தியாயம், 162-ஆம் பிரிவு தொடங்கி 173 வரை, ஊடகத்துக்கு மட்டுமே உரியது.

162-ஐத் திறந்தால் முதல் வரியே ஊடகத்தின் சுதந்திரத்துக்கும் தன்னுரிமைக்கும் உறுதி சொல்கிறது. அடுத்து, கானாவில் தணிக்கை கிடையாது என்கிறது. அதற்கடுத்த வரியைப் படித்தபோதுதான் நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். செய்தித்தாளோ சஞ்சிகையோ வேறு ஊடகமோ தொடங்கவோ நடத்தவோ முன்கூட்டி உரிமம் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இருக்கலாகாது. ஆசிரியரையும் வெளியீட்டாளரையும் அரசாங்கம் கட்டுப்படுத்தவோ, எழுதிய கருத்துக்காகத் தண்டிக்கவோ தொல்லை கொடுக்கவோ கூடாது. ஊடகத்துக்கு ஒரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள்: அரசாங்கம் மக்களுக்குப் பொறுப்புச் சொல்லும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். 163-ஆம் பிரிவு, அரசுக்குச் சொந்தமான ஊடகம் மாற்றுக் கருத்துக்கும் எதிர்க்கருத்துக்கும் நியாயமான இடம் தர வேண்டும் என்கிறது. அரசு ஊடகங்களை அரசாங்கத்தின் கையிலிருந்து காப்பதற்கென்று தேசிய ஊடக ஆணையம் ஒன்றையும் சாசனமே அமைத்திருக்கிறது.

இதையெல்லாம் நாளைக்கு ஒருவர் மாற்ற நினைத்தால் நாடாளுமன்றத்தில் கை தூக்கினால் போதாது. 162 போன்ற காப்பிட்ட பிரிவுகளைத் தொட மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். பதிவுபெற்ற வாக்காளர்களில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வந்து வாக்களித்து, அவர்களில் 75 விழுக்காட்டினர் சரி என்று சொல்ல வேண்டும். நம் ஊர்க் கோயில் கமிட்டியில் 40 விழுக்காட்டினரைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

ஏன் இவ்வளவு பூட்டு என்றால், அந்த வீட்டில் பல தடவை திருட்டுப் போயிருக்கிறது. அங்கே ஆப்பிரிக்கர் ஒருவர் நடத்திய முதல் செய்தித்தாள் 1857-இல் சார்ல்ஸ் பானர்மன் என்பவர் கொண்டுவந்த அக்ரா ஹெரால்டு. அதைக் கையாலேயே எழுதித்தான் வெளியிட்டார். இயந்திரமும் இல்லை, ஈய எழுத்தும் இல்லை. அச்சுக்காரனான எனக்கு இது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு ஆங்கிலேயர், ஆட்சிக்கு எதிராக எழுதுவதைக் குற்றமாக்கும் ராஜ நிந்தனைச் சட்டத்தை இறுக்கினார்கள். 1936 மே மாதம் அக்ராவின் ஆப்பிரிக்கன் மார்னிங் போஸ்டில், ‘ஆப்பிரிக்கனுக்குக் கடவுள் உண்டா?’ என்று கேட்டு ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் சியரா லியோன்காரரான வாலஸ் ஜான்சன். பத்திரிகை ஆசிரியர் பின்னாளில் நைஜீரியாவின் முதல் அதிபரான அசிகிவே. இருவர் மீதும் வழக்கு. அசிகிவே மேல்முறையீட்டில் தப்பினார். வாலஸ் ஜான்சன், காலனிகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார். அந்தத் தீர்ப்பின் சாரம் நமக்கும் வேண்டியது: எழுத்து வன்முறையைத் தூண்டியதா என்று பார்க்க வேண்டியதில்லை, சட்டம் சொல்லும் ‘நிந்தனை நோக்கம்’ இருந்தால் போதும். இங்கிலாந்தில் எழுதுபவனுக்குக் கிடைத்த பாதுகாப்பு காலனியில் எழுதுபவனுக்குக் கிடையாது என்று பொருள்.

1957 மார்ச் 6-இல் சுதந்திரம். நமக்கு, மலேசியாவுக்கு, அதே ஆண்டு ஆகஸ்டு 31. நிந்தனைக் குற்றத்துக்காக ஆங்கிலேயரிடம் சிறை சென்ற குவாமே நிக்ரூமாதான் அங்கே தலைவர். அவர் ஆட்சியிலேயே குமாசியின் அசாந்தி பயனீர் பத்திரிகைக்குத் தணிக்கை வந்தது, 1962-இல் அது நின்றும் போனது. மறு ஆண்டு பத்திரிகை உரிமச் சட்டம். அடுத்தடுத்து வந்த ஆட்சிகளில் அந்தச் சட்டம் போவதும் வருவதுமாக இருந்தது. ராலிங்ஸின் இராணுவ ஆட்சியில், 1985-இல், கத்தோலிக்க ஸ்டாண்டர்டு வார இதழின் உரிமத்தைப் பிடுங்கினார்கள். 1989-இல் எல்லாப் பத்திரிகைகளும் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்று இன்னொரு சட்டம். அந்தக் காலத்தை அங்கே ‘மௌனப் பண்பாடு’ என்கிறார்கள். உரிமத்தால் சூடு பட்டவர்கள் எழுதியதால்தான் ‘உரிமம்’ என்ற சொல்லையே சாசனத்தில் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள்.

கே: செம்பனைத் தோட்டத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆப்பிரிக்கச் சட்டம் எதற்கு?
— ஒரு வாசகர், ரிம்பா பாஞ்சாங்

ப: செம்பனையே அங்கிருந்து வந்ததுதான். மேற்கு ஆப்பிரிக்காதான் அதன் பிறந்த வீடு. 1981-க்கு முன்னால் நம் பெண்கள் மகரந்தப் பொடியைப் பையில் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்க் கையால் தூவியது உங்களுக்கு நினைவிருக்கும். என் அத்தை அந்த வேலையைத்தான் செய்தார். மாலையில் வந்து முந்தானையை உதறினால் மஞ்சளாகக் கொட்டும். கேமரூனிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு அந்த வேலையே இல்லாமல் போனது. மரத்தை வாங்கிக்கொண்டோம், வண்டை வாங்கிக்கொண்டோம். சட்டத்தை எட்டியாவது பார்க்கலாம்.

கே: சாசனத்தில் எழுதிவிட்டால் ஆயிற்றா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? முப்பது ஆண்டு தொழிற்சங்கத்தில் இருந்தவன் கேட்கிறேன்.
— ஓய்வுபெற்ற தொழிற்சங்கத்தார், கோலகங்சார்

ப: உங்களைப் போன்றவர்கள் கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் உதவும். போகாவிட்டால் சுரைக்காய்தான்.

சாசனம் வந்த முதல் ஆண்டிலேயே ஒரு வழக்கு. வரவு செலவுத் திட்டத்தை நியாயப்படுத்தி அமைச்சர் அரசுத் தொலைக்காட்சியில் பேசினார். எதிர்க்கட்சியான புதிய தேசபக்திக் கட்சி, அதே அளவு நேரம் எங்களுக்கும் கொடு என்றது. கிடைக்கவில்லை. 163-ஆம் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக உச்ச நீதிமன்றம் போனார்கள், வென்றார்கள். அரசாங்கத்தின் தொலைக்காட்சி அரசாங்கக் கட்சியின் தொலைக்காட்சி இல்லை என்று 1993-லேயே தீர்ப்பாகிவிட்டது. நம் வீட்டுப் பெட்டியில் எட்டு மணிச் செய்தியைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைப் படிக்கப் பொறாமையாகவே இருந்தது.

வானொலிக் கதை இன்னும் சுவையானது. பத்திரிகைக்குத்தான் உரிமம் வேண்டாம், அலைவரிசைக்கு? அரசாங்கம் அனுமதி தராமல் இழுத்துக்கொண்டே இருந்தது. 1994-இல் அக்ராவில் ரேடியோ ஐ என்று ஒரு நிலையம் அனுமதி இல்லாமலேயே ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. கருவிகளைப் பறித்தார்கள், மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த நிலையம் போனது போனதுதான். ஆனால் அடுத்த ஆண்டே தனியாருக்கு அலைவரிசை கொடுக்கத் தொடங்கினார்கள்.

2001-இல், ஜான் குஃபூர் ஆட்சியில், குற்றவியல் அவதூறுச் சட்டத்தையும் ராஜ நிந்தனைச் சட்டத்தையும் நாடாளுமன்றமே நீக்கியது. வாலஸ் ஜான்சனைத் தண்டித்த சட்டத்தின் வாரிசு, 65 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் மீது வழக்குப் போட்ட அதே ஊரில் செத்தது. 2015-இல், ஒளிபரப்பும் நிகழ்ச்சிகளுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. கொண்டுவந்தது யார் தெரியுமா? ஊடகத்தைக் காக்க வைத்த அதே தேசிய ஊடக ஆணையம். தனியார் ஒளிபரப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். இது தணிக்கை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. வேலிக்காரனே பயிரைத் தொட்டாலும் கேட்பதற்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள் பாருங்கள்.

கே: மாமா, நீங்கள் கானாவைச் சொர்க்கம்போல் எழுதுகிறீர்கள். அங்கே ஒரு பத்திரிகையாளரைச் சுட்டுக் கொன்றார்கள் என்று படித்தேன். எது உண்மை?
— கல்லூரி மாணவி, ஈப்போ

ப: இரண்டும் உண்மை மகளே. நீ கேட்காவிட்டாலும் எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன்.

அவர் பெயர் அகமது உசேன் சுவாலே. அனாஸ் என்ற புலனாய்வுப் பத்திரிகையாளரின் குழுவில் இருந்தவர். அனாஸ் எப்போதும் மணிச்சரம் தொங்கும் துணியால் முகத்தை மறைத்துக்கொண்டுதான் வெளியே வருவார். அந்தக் குழு 2018-இல் ஆப்பிரிக்கக் கால்பந்தில் நடக்கும் லஞ்சத்தைப் படம் பிடித்து வெளியிட்டது. கானா கால்பந்துச் சங்கத் தலைவரே பதவி விலக நேர்ந்தது. அதற்குள் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, சுவாலேயின் புகைப்படத்தைக் காட்டி, இவரைக் கண்டால் அடியுங்கள் என்று சொல்லியிருந்தார். 2019 ஜனவரி 16 இரவு, அக்ராவின் மதினா பகுதியில், காரில் போய்க்கொண்டிருந்த சுவாலேயை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள்.

162-ஆம் பிரிவு அரசாங்கத்தைப் பார்த்து ‘தொடாதே’ என்கிறது. மோட்டார் சைக்கிளில் வருபவன் அதைப் படித்துவிட்டு வருவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2001-இல் அவதூறுச் சட்டத்தை நீக்கியபோது, பீதி கிளப்பும் பொய்ச் செய்திக்கான 208-ஆம் பிரிவு குற்றவியல் சட்டத்தில் அப்படியே தங்கிவிட்டது. 2008-இன் மின்னணுத் தொடர்புச் சட்டத்தில் அதற்கு ஒரு தம்பியும் பிறந்தான். இந்த இரண்டையும் வைத்துப் பிற்பாடு வானொலி அறிவிப்பாளர்களையும் செய்தியாளர்களையும் போலீஸ் பிடித்தது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பட்டியலில் 2018-இல் 23-ஆம் இடத்தில், ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாக இருந்த நாடு, 2022-இல் 60-க்கு இறங்கிவிட்டது. சாசனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நம் எண்ணும் வேண்டும் அல்லவா? அதே 2018-இல் நாம் 145, 2022-இல் 113. அவர்கள் விழுந்து கிடக்கும் இடம் நாம் ஏறிப்போக வேண்டிய இடம்.

கே: நம் சாசனத்திலும் பேச்சுரிமை இருக்கிறதே, பத்தாம் பிரிவு? பிறகென்ன குறை?
— வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், தைப்பிங்

ப: இதற்கு ஒரு கல்யாண அட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா காலத்தில், எல்லாம் ஈய எழுத்தாக இருந்தபோது, கிரகப்பிரவேச அட்டை ஒன்று அடித்தோம். முந்நூறு அட்டை. அடியில் ‘அன்பளிப்பு வேண்டாம்’ என்று போடச் சொல்லியிருந்தார்கள். நான்தான் கோத்தேன், வயது பதினாறு. ‘டா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டு’ விழுந்துவிட்டது. முந்நூறு வீட்டுக்கும் ‘அன்பளிப்பு வேண்டும்’ என்று போய்ச் சேர்ந்தது. வீட்டுக்காரர் வந்து கத்தியதைவிட, அன்றைக்கு வந்திருந்த அன்பளிப்பு நிறைய என்று பிறகு மெதுவாகச் சொன்னதுதான் அப்பாவுக்கு அதிகக் கோபம். ஓர் எழுத்து வீட்டையே புரட்டிப்போடும்.

இப்போது சாசனத்துக்கு வருவோம். 1957-இல் ரீட் பிரபு தலைமையிலான ஆணையம் நமக்கு ஒரு சாசன வரைவு எழுதித் தந்தது. பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு போடலாம், ஆனால் அது ‘நியாயமான’ கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்று அந்த வரைவில் இருந்தது. ஆணையத்தில் பாகிஸ்தானிலிருந்து வந்த நீதிபதி அப்துல் ஹமீது மட்டும் மாற்றுக் குறிப்பு எழுதினார். ‘நியாயமான’ என்ற சொல்லை வைத்தால் ஒவ்வொரு சட்டத்தையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்பார்கள், எடுத்துவிடுங்கள் என்பது அவர் வாதம். எடுத்துவிட்டார்கள். இன்று பத்தாம் பிரிவில் இருப்பது, நாடாளுமன்றம் ‘தேவை அல்லது உசிதம்’ என்று கருதும் கட்டுப்பாடு. யார் கருத வேண்டும்? நாடாளுமன்றம். அச்சில் இருப்பது இவ்வளவுதான்.

கானாவின் 164-ஆம் பிரிவும் கட்டுப்பாடு வைக்கிறது. நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பிறர் நற்பெயர் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் அவற்றுக்காக ‘நியாயமாகத் தேவைப்படும்’ சட்டம் என்று அந்தச் சொல்லை வைத்துக்கொண்டார்கள். அது இருப்பதால் நீதிபதி கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. நம் கூட்டரசு நீதிமன்றம் 2010-இல் சிவராசா வழக்கில், எழுதாவிட்டாலும் அந்தச் சொல் உள்ளே இருப்பதாகவே படிக்க வேண்டும் என்று சொன்னது உண்மைதான். விட்டுப்போன சொல்லை 53 ஆண்டு கழித்துப் புரூஃபில் சேர்த்ததுபோல. அச்சடித்து வீடு வீடாகப் போன பிறகு புரூஃப் பார்ப்பதில் எவ்வளவு பயன் என்பதை அச்சுக்காரனிடம் கேளுங்கள்.

நம் பத்தாம் பிரிவில் பத்திரிகை என்ற சொல்லே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

கே: உரிமம் வாங்குவதில் என்ன சிரமம் ஐயா? கடைக்கு லைசென்ஸ், வண்டிக்கு லைசென்ஸ், நாய்க்குக்கூட லைசென்ஸ் இருக்கிறது. பத்திரிகைக்கு இருந்தால் குடி முழுகிவிடுமா?
— மளிகைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

ப: நாயின் லைசென்ஸைப் பறித்தால் நாய் குரைப்பதை நிறுத்துவதில்லை.

உங்கள் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் எட்டுக் கடைதான். ஒரு நாள் வந்து சுவரைப் பாருங்கள். 1984-ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி வாங்கிய உரிமம் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அதற்கு முன்னோடி 1948-இல் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 16-இல் இதே சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுடப்பட்டு, அவசரகாலம் அறிவிக்கப்பட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ராஜ நிந்தனைச் சட்டமும் அதே 1948-தான். அந்தக் காலத்துப் பயத்தில் பிறந்த பிள்ளைகள் இவை. 2012 வரை உரிமத்தை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது புதுப்பிக்க வேண்டாம், அமைச்சு ரத்துசெய்தால் நீதிமன்றம் போகவும் வழி வந்துவிட்டது. ஆனால் உரிமம் என்னவோ இருக்கிறது. எந்தச் செய்தித்தாளையும் எடுத்துத் தலைப்புக்குப் பக்கத்தில் பாருங்கள், கேடிஎன் என்று பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். உள்துறை அமைச்சின் அனுமதி எண் அது.

1987 அக்டோபர் 27-இல் லாலாங் நடவடிக்கை என்ற கைது வேட்டை தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். தி ஸ்டார், சின் சியூ, வத்தான் பத்திரிகைகளின் உரிமத்தை நிறுத்தினார்கள். மறு ஆண்டு மார்ச்சில்தான் அவை திரும்பி வந்தன. இதெல்லாம் வரலாற்றில் இருக்கிறது. வரலாற்றில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த உரிமங்களை நிறுத்தியதற்கு அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, ஒரு தோட்டத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். தோட்டம் கைமாறப் போகிறது, லயத்து வீடுகளைக் காலிசெய்யச் சொல்கிறார்கள், தங்களுக்கு வர வேண்டிய தொகை பற்றிப் பேச்சே இல்லை என்று ஒரு துண்டறிக்கை. ஐந்நூறு பிரதி வேண்டும். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் கொடுப்பதற்கு. மாட்டுக்காரர் ஒருவர் கணக்கு நோட்டுத் தாளில் அழகாக எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலை வந்தாலும் கடைசி வரியைத்தான் முதலில் கோப்பார். ‘அச்சிட்டோர்’ என்று தொடங்கி எங்கள் அச்சகப் பெயரும் முகவரியும் வரும் வரி. சட்டப்படி அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும். அதைக் கோத்து வைத்துவிட்டுத்தான் மேலே உள்ளதைப் படிப்பார். அன்றைக்கும், எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் அந்த வரியைக் கோத்தார். தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு ஒரு சொல்லும் பேசாமல், கோத்த எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் அறையில் போட ஆரம்பித்தார். ஈயம் மரப்பெட்டியில் விழுகிற ‘டிக், டிக்’ சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“பெரியவரே, இதில் பொய் ஒன்றும் இல்லையே” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

“பொய் இல்லை. என் பெயர் இருக்கிறது” என்றார் அப்பா.

போலீஸ் வரவில்லை. அமைச்சிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. டிசம்பரில் புதுப்பிக்க வேண்டிய ஒரு காகிதம் சுவரில் தொங்கியது, அவ்வளவுதான். எங்களையும் சேர்த்து ஆறு வயிறு அந்தக் காகிதத்தில் சாப்பிட்டது. அப்பாவைக் கோழை என்று நான் அப்போது நினைத்தேன். இப்போது அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அப்படிச் சொல்ல நா எழவில்லை. அடித்த பிறகு வழக்கு வந்தால் வாதாடலாம், அபராதம் கட்டலாம், வாலஸ் ஜான்சனைப்போல் லண்டன் வரை போய்த் தோற்கலாம். அடிப்பதற்கு முன்பே நின்றுபோனதற்கு வழக்கும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. அந்தத் துண்டறிக்கை எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை. மளிகைக்காரரே, குடி முழுகியதா இல்லையா என்று அந்த நான்கு பேரைத்தான் கேட்க வேண்டும்.

கே: எங்கள் உணவுக் கடையைப் பற்றி ஒரு பத்திரிகை தவறாக எழுதிவிட்டது. மறுப்பு அனுப்பினேன், போடவில்லை. சுதந்திரம் சுதந்திரம் என்கிறீர்களே, எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?
— கடைக்காரப் பெண்மணி, தஞ்சோங் ரம்புத்தான்

ப: உங்கள் பக்கம்தான் நிற்கிறேன் அம்மா. கானாவின் 162-இலேயே ஆறாவதாக இதற்கும் ஒரு வரி இருக்கிறது. ஒருவரைப் பற்றி ஏதாவது வெளியிட்ட ஊடகம், அவர் மறுப்பு அனுப்பினால் அதை வெளியிட்டே ஆக வேண்டும். சுதந்திரம் கொடுத்த அதே பிரிவில் இதையும் வைத்ததுதான் எனக்குப் பிடித்தது. பெரிய பெரிய வழக்குகளைவிட இந்த வரியைத்தான் நான் நம் ஊருக்குக் கொண்டுவர விரும்புவேன்.

இங்கே நீங்கள் செய்யக்கூடியது: மறுப்பைப் பதிவுத் தபாலில் ஆசிரியர் பெயருக்கு அனுப்புங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்த வரி தவறு, சரியானது எது என்பதை அரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். நான்கு பக்கம் எழுதினால் படிக்க மாட்டார்கள். 2025-இல் மலேசிய ஊடக மன்றத்துக்கான சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. முறையீடுகளைக் கேட்பது அதன் வேலைகளில் ஒன்று, அங்கேயும் எழுதலாம். அதுவரை கடை வாசலில் உங்கள் மறுப்பை ஒட்டி வையுங்கள். நான் இலவசமாக அடித்துத் தருகிறேன்.

கே: ஐயா, எங்கள் தோட்டத்து இளைஞர்கள் ஆறு பேர் சேர்ந்து மாதம் ஒரு சிறு இதழ் கொண்டுவர நினைக்கிறோம். தண்ணீர்க் குழாய், பஸ் வராதது, பள்ளிக்கூரை என்று எங்கள் விஷயங்களை எழுதப் போகிறோம். ஆப்பிரிக்காவாக இருந்தால் உரிமம் வேண்டாம் என்கிறீர்கள். இங்கே என்ன செய்வது?
— ஓர் இளைஞர், லிந்தாங்

ப: ஆப்பிரிக்கா முழுவதும் அப்படி இல்லை தம்பி, கானாவில். இங்கே அச்சடித்து மாதாமாதம் வெளியிடுவதென்றால் உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் போடுங்கள். நிரப்புவதற்கு நான் உதவுகிறேன், அந்தப் படிவங்களோடு நாற்பது ஆண்டு பழக்கம். இணையத்தில் போடுகிறோம் என்று ஓடினாலும் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம், இணையத்தில் முறைகேடாகப் பதிவிடுவதைக் குற்றமாக்கும் அதன் 233-ஆம் பிரிவு, அங்கே காத்திருக்கிறது. எழுதுவதை உண்மையாகவும் தேதியோடும் படத்தோடும் எழுதுங்கள். பஸ் வராத நாள்களைக் காலண்டரில் குறித்து வைத்து அப்படியே போட்டாலே போதும், திட்ட வேண்டியதில்லை.

விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். முதல் இதழைக் கையால் எழுதி முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கடை மூடியிருக்கும், பின் கதவைத் தட்டுங்கள். பழைய எழுத்துப் பெட்டியை இன்னும் எடைக்குப் போடவில்லை. பிழை பார்த்துத் தருகிறேன். அனுமதி வந்த அன்றைக்கு மேலே உள்ளதை நீங்கள் கோத்துக்கொள்ளுங்கள், கடைசி வரியை நான் கோக்கிறேன்.